திறமையா, அதிர்ஷ்டமா, யாருடைய பணம்?



இன்றைய சிந்தனைக்கு நாம் எடுத்துக்கொள்வது, நம் ஊர்த் தேநீர்க் கடையிலும் நாட்டின் உச்ச நீதிமன்றத்திலும் கேட்கப்பட்ட ஒரு கேள்வி. பணம் வைத்து ஆடும் ரம்மி திறமையா, அதிர்ஷ்டமா? இந்தக் கேள்வி இன்று நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியும் கையுமாக இருக்கும் கணவரிடம், "என்னங்க, இது சூதாட்டம்தானே?" என்று மனைவி கேட்கிறார். "இல்லம்மா, இது திறமை விளையாட்டு. கோர்ட்டே சொல்லியிருக்கு" என்று பதில் வருகிறது. அந்தப் பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பணம் போவது மட்டும் முடிவதில்லை.

நீதிமன்றம் என்ன சொன்னது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். செகந்திராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடியவர்கள் மீதான வழக்கில், 1967ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மூணு சீட்டைப் போல ரம்மி முழுக்க அதிர்ஷ்டம் அல்ல. எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதைப் போடுவது என்று கணிக்க வேண்டும். எனவே அது பெரும்பாலும் திறமை விளையாட்டு என்றது நீதிமன்றம். 1996இல் சென்னைக் குதிரைப் பந்தயம் பற்றிய வழக்கிலும், அது திறமையைச் சார்ந்தது என்றே தீர்ப்பு வந்தது. நம் மாநிலம் 2022இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை இயற்றியது. அந்தச் சட்டம் செல்லும் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று அதில் பட்டியலிட்டது செல்லாது என்றது. கடைசியாக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. திறமையோ, அதிர்ஷ்டமோ, இரண்டும் கலந்ததோ, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு எதுவானாலும் கூடாது என்றது அந்தச் சட்டம். அதை எதிர்த்தும் வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றன.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் வழக்கு இது. இதில் நாம் நீதிபதிகளாக உட்காரப் போவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1967ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே இன்னொரு பகுதி உண்டு. பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து மன்றத்தை நடத்துபவர் இலாபம் எடுத்தால், அது குற்றமாகலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. "கோர்ட்டே சொல்லியிருக்கு" என்பவர்கள் முதல் பகுதியைத்தான் சொல்கிறார்கள். இரண்டாவது பகுதியைப் பற்றிப் பேச்சே இல்லை.

சரி, திறமை இருக்கிறதா என்றால், இருக்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. 52 சீட்டுகள் கொண்ட ஒரே ஒரு கட்டிலிருந்து ஒருவர் கைக்கு வரக்கூடிய 13 சீட்டுகளின் சேர்க்கைகள் 63,501 கோடிக்கும் அதிகம். எந்தச் சேர்க்கை நம் கைக்கு வரும் என்பது நம் வசத்தில் இல்லை. வந்த சீட்டை வைத்து என்ன செய்வது என்பது நம் வசத்தில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் ரம்மி. வாழ்க்கையும் ஏறக்குறைய அப்படித்தான் என்று சபை உரையாளர் நமக்குச் சொல்கிறார். ஓட்டத்தில் விரைவாக ஓடுபவரே வெல்வார் என்பதில்லை, அறிவாளிக்கே செல்வம் சேரும் என்பதும் இல்லை, வேளையும் வாய்ப்பும் எல்லாருக்கும் நேரிடுகின்றன என்பது அவர் ஒன்பதாம் அதிகாரத்தில் தரும் படிப்பினை. இயேசுவுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதை ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

அப்படியானால் திறமை என்ற சொல்லில் என்ன ஆபத்து? முதல் ஆபத்து, அது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வைக்கிறது. பரிசுச் சீட்டு வாங்குகிறவருக்கு அது குருட்டு வாய்ப்பு என்பது தெரியும். பரிசு விழாவிட்டால் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகலாம். ரம்மி ஆடுகிறவரால் அப்படிப் போக முடிவதில்லை. ஜெயித்தால் "என் மூளை" என்கிறார். தோற்றால் "இன்றைக்குச் சீட்டு சரியில்லை" என்கிறார், அல்லது "அந்த எட்டை மட்டும் போடாமல் இருந்திருந்தால் டிக் அடித்திருப்பேன்" என்கிறார். வெற்றியெல்லாம் திறமையின் கணக்கில் சேர்கிறது, தோல்வியெல்லாம் அதிர்ஷ்டத்தின் கணக்கில் போகிறது. இப்படிக் கணக்கு எழுதுகிறவருக்குத் தன் உண்மை நிலை ஒருநாளும் தெரியாது.

எல்லன் லாங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1975இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு டாலர் விலையுள்ள பரிசுச் சீட்டைச் சிலர் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். வேறு சிலருக்குச் சீட்டு எடுத்துக் கொடுக்கப்பட்டது. பிறகு, "இந்தச் சீட்டை எவ்வளவுக்கு விற்பீர்கள்?" என்று எல்லாரிடமும் கேட்டார்கள். எடுத்துக் கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக இரண்டு டாலர் அளவுக்குக் கேட்டார்கள். தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் எட்டு டாலருக்கு மேல் கேட்டார்கள். குலுக்கலில் இருவருக்கும் இருந்த வாய்ப்பு ஒன்றுதான். தன் கை பட்டது என்பதற்காகவே மனம் அதை நான்கு மடங்கு நம்பியது. வெறும் பரிசுச் சீட்டுக்கே இப்படியென்றால், நிஜமாகவே கொஞ்சம் திறமை கலந்த ஆட்டத்தில் அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும்!

இரண்டாவது, கணக்கு. நமக்கு எளிதாக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரே அளவு திறமையுள்ள ஆறு பேர், ஆளுக்கு 100 ரூபாய் வைத்து ஆடுகிறார்கள். மொத்தம் 600 ரூபாய். ஆட்டத்தை நடத்துகிறவர் நூற்றுக்குப் பத்து வீதம் 60 ரூபாய் எடுத்துக்கொண்டு, ஜெயித்தவருக்கு 540 ரூபாய் கொடுக்கிறார். ஆறு பேரும் சமம் என்பதால் 54 ஆட்டத்தில் ஆளுக்கு ஒன்பது வெற்றி. ஒவ்வொருவரும் வைத்த பணம் 5,400. திரும்பி வந்தது 4,860. ஆறு பேருமே நட்டப்பட்டார்கள். ஆடாமல் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு மட்டும் இலாபம். கையில் இருப்பதையெல்லாம் மறுபடி மறுபடி வைத்து ஆடினால், 6,000 ரூபாயோடு உட்கார்ந்தவரிடம் ஏழாவது சுற்று முடிவில் சராசரியாக 2,870 ரூபாய் அளவே மிஞ்சும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சீட்டு நேர்மையாகத்தான் கலைக்கப்பட்டது. கணக்கே அப்படி அமைந்திருக்கிறது.

"நான் மற்றவர்களைவிடத் திறமைசாலி" என்று ஒருவர் சொல்லலாம். நல்லது. நட்டமில்லாமல் எழுந்திருக்க அவருக்கு 54 ஆட்டத்தில் பத்து வெற்றி வேண்டும். இலாபம் பார்க்கப் பதினொன்று வேண்டும். அந்தக் கூடுதல் வெற்றிகள் யாரிடமிருந்து வரும்? அதே மேசையில் தன்னைவிடக் குறைவாகத் தெரிந்தவரிடமிருந்துதான் வர வேண்டும். வேறு எங்கிருந்தும் வர வழியில்லை.

சகோதர சகோதரிகளே, நம் சிந்தனையின் மையம் இதுதான். "இது திறமை விளையாட்டு" என்பதை நாம் ஒரு நியாயமாகச் சொல்கிறோம். ஆனால் சற்று நின்று யோசித்தால், அதிர்ஷ்டம் மட்டுமே உள்ள ஆட்டத்தில் வல்லவனுக்கும் எளியவனுக்கும் வாய்ப்பு சமம். திறமை உள்ள ஆட்டத்தில் எளியவன் தோற்பது ஏறக்குறைய உறுதி. திறமை கூடக்கூட, ஜெயிப்பவர் எடுத்துக்கொள்வது தெரியாதவருடைய பணமாக ஆகிறது. ஒரு தச்சரின் திறமையால் ஒரு மேசை பிறக்கிறது. செய்தவருக்கும் கூலி, வாங்கியவருக்கும் பயன். ஒரு செவிலியரின் திறமையால் ஒரு நோயாளி எழுந்து நடக்கிறார். பந்தயச் சீட்டில் காட்டும் திறமையால் எதுவும் பிறப்பதில்லை. ஒரு வீட்டுப் பணம் இன்னொரு வீட்டுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

முன்பெல்லாம் திருமண வீட்டிலும் துக்க வீட்டிலும் இரவு விழித்திருக்கச் சீட்டு ஆடுவார்கள். எதிரில் இருப்பவர் மாமனோ மச்சானோ பக்கத்து வீட்டுக்காரரோதான். அவர் முகம் வாடினால், "போதும்டா, எழுந்திரு" என்று சொல்ல யாராவது இருந்தார்கள். கைப்பேசியில் அந்த முகம் இல்லை. ஒரு பெயரும் ஒரு சிறு படமும் மட்டுமே தெரியும். அந்த 500 ரூபாய் ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணமா, ஒரு தாயின் மருந்துக் காசா என்பது தெரியவே தெரியாது. தெரியாதிருப்பது வசதியாகவும் இருக்கிறது.

சிலுவையடியில் நடந்ததை நாம் இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். படைவீரர்கள் நால்வர் நம் ஆண்டவரின் உடைகளைத் தங்களுக்குள் பங்கிட்டார்கள். தையல் இல்லாத அந்த அங்கிக்கு மட்டும் சீட்டுப் போட்டார்கள் என்று யோவான் நற்செய்தி சொல்கிறது. அவர்கள் முறைப்படிதான் சீட்டுப் போட்டிருப்பார்கள். யாரும் யாரையும் வஞ்சித்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த அங்கி யாருடையது, அதற்கு உரியவர் எங்கே, அவர் என்ன நிலையில் இருக்கிறார்? தலையை நிமிர்த்தியிருந்தால் தெரிந்திருக்கும். அவர்கள் பார்வை சீட்டில் இருந்தது. ஆட்டம் நேர்மையாக நடந்தது என்பது மட்டும் ஒரு செயலைச் சரியாக்கிவிடாது.

அதற்காகச் சீட்டுப் போடுவதெல்லாம் பாவம் என்று திருச்சபை சொல்வதில்லை. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுக்கத் திருத்தூதர்களும் சீட்டுப் போட்டார்கள். ஆனால் அவர்கள் முதலில் செபித்தார்கள். அந்தச் சீட்டினால் யாருடைய உடைமையும் பறிபோகவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2413ஆம் எண்ணில், இதைத் தெளிவாகச் சொல்கிறது. வாய்ப்பு விளையாட்டுகளும் பந்தயங்களும் தம்மிலேயே நீதிக்கு எதிரானவை அல்ல. ஒருவருடைய தேவைகளுக்கும் அவரைச் சார்ந்தவர்களின் தேவைகளுக்கும் வேண்டியதை அவை பறிக்கும்போது, அவற்றை ஏற்க முடியாது. சூதாட்ட மோகம் மனிதரை அடிமையாக்கிவிடக்கூடும் என்றும் எச்சரிக்கிறது. ஆட்டத்தில் ஏமாற்றுவது, இழப்பு மிகச் சிறியதாக இருந்தாலன்றி, கனமான குற்றம் என்கிறது. கவனியுங்கள்: திறமையா அதிர்ஷ்டமா என்ற பிரிவினையே அதில் இல்லை. வீட்டில் அடுப்பு எரிகிறதா, நீ உனக்கு எஜமானனாக இருக்கிறாயா, நேர்மை இருக்கிறதா என்றே அது கேட்கிறது.

எனவே பங்குத் திருவிழாவில் பத்து ரூபாய்க் குலுக்கல் சீட்டு வாங்கிய பாட்டியம்மா பயப்பட வேண்டியதில்லை. விடுமுறையில் பிள்ளைகளோடு புளியங்கொட்டை வைத்து ரம்மி ஆடும் அப்பாவும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் குலுக்கல் நடத்தும் நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் சீட்டுப் புத்தகத்தில் பாதியை விற்கச் சொல்லி ஏழை வீட்டுப் பிள்ளையின் கையில் கொடுக்கிறோமா? விற்காமல் மீந்ததற்கு அந்த வீடு பணம் கட்ட நேர்கிறதா? அளவுகோல் எல்லாருக்கும் ஒன்றுதான்.

திருவள்ளுவரும் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். அதன் முதல் குறளிலேயே, தோற்பதைப் பற்றி அல்ல, ஜெயிப்பதைப் பற்றி எச்சரிக்கிறார். சூதில் கிடைக்கும் வெற்றி, இரை என்று நினைத்து மீன் தூண்டிலை விழுங்கியதைப் போன்றது என்பது அவர் கருத்து. முதல் வாரம் கிடைத்த ஆயிரம் ரூபாய்தான் பல குடும்பங்களில் அந்தத் தூண்டில்.

அப்படித் தூண்டிலை விழுங்கிய ஒருவரைத் திருச்சபை புனிதராக வணங்குகிறது. புனித கமில்லஸ் தே லெல்லிஸ். 1550இல் இத்தாலியில் பிறந்தவர். தந்தை படைவீரர், சூதாடியும்கூட. மகனும் படையில் சேர்ந்தார். சூதும் சேர்ந்தே வந்தது. காலில் ஆறாத புண்ணோடு உரோமையில் புனித யாக்கோபு மருத்துவமனைக்குப் போனார். அங்கேயே பணியாளாகவும் இருந்தார். சீட்டாட்டமும் சச்சரவும் தாங்காமல் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். மறுபடி படை, மறுபடி சூது. 1574இல் நேப்பிள்ஸ் நகரில் வாள் முதல் எல்லாவற்றையும் இழந்தார். உடுத்தியிருந்த சட்டையையும் இழந்தார் என்று அவர் வரலாற்றில் சொல்லப்படுகிறது. அவருக்குச் சீட்டு ஆடத் தெரியாமல் இல்லை. ஆண்டுக்கணக்கில் ஆடிப் பழகியவர்தான்.

அவர் எப்படி மீண்டார்? பெரிய ஆட்டம் ஒன்றில் ஜெயித்து மீளவில்லை. மான்பிரெடோனியா என்ற ஊரில் கப்புச்சின் துறவிகள் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் கூலி வேலைக்குச் சேர்ந்தார். அது முதல் படி: உழைத்துச் சாப்பிடுவது. அங்கே ஒரு துறவி அவரிடம் கடவுளைப் பற்றிப் பேசினார். அது இரண்டாவது படி: பேச ஒரு மனிதர். 1575 பிப்ரவரி 2ஆம் நாள், ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாளன்று, வழியில் முழந்தாளிட்டு அழுது மனம் திரும்பினார். காலின் புண் ஆறாததால் கப்புச்சின் சபையில் நிலைக்க முடியவில்லை. எந்த மருத்துவமனை அவரை வெளியே அனுப்பியதோ அதே மருத்துவமனைக்குத் திரும்பினார். நோயாளிகளுக்குப் பணிசெய்து, பின்னர் அதன் மேற்பார்வையாளரும் ஆனார். நோயாளருக்குப் பணிபுரியும் துறவற சபையைத் தொடங்கினார். 1586இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் அதற்கு ஒப்புதல் அளித்தார். அச்சபையினர் உடையில் அணியும் செஞ்சிலுவை இன்றும் பல நாடுகளில் தெரிகிறது. 1746இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். நோயாளருக்கும் மருத்துவமனைகளுக்கும் அவர் பாதுகாவலர். சீட்டைப் பிடித்த அதே கைகள் நோயாளியைத் தூக்கின. ஆண்டவர் தந்த தாலந்து அதற்கு உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்த உரையைக் கேட்பவர்களில், இப்போதே கடனில் இருப்பவர் யாரேனும் இருக்கலாம். அவருக்குச் சில வார்த்தைகள். போனதைப் பிடிக்க இன்னொரு ஆட்டம் ஆடாதீர்கள். இழந்ததை மீட்க ஆடும் ஆட்டம்தான் வீட்டையே விலை பேசுகிறது. அதற்காகக் கடன் செயலியில் கை வைக்காதீர்கள். இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் முழுத் தொகையையும் சொல்லிவிடுங்கள், பாதியை மறைக்காமல். வங்கி அட்டையையும் கைப்பேசிப் பணப் பரிமாற்றத்தையும் சில மாதங்களுக்கு அவர் பொறுப்பில் விடுங்கள். ஒப்புரவு அருளடையாளத்துக்கு வாருங்கள். அங்கே உங்கள் கணக்குப் புத்தகத்தை யாரும் கேட்கப்போவதில்லை. மனம் உடைந்து, உயிரே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், அந்த நொடியே யாரிடமாவது பேசுங்கள். 104 என்ற எண்ணிலும் 14416 என்ற எண்ணிலும் தமிழிலேயே பேசலாம். கடன் அடைபடும். உங்களை இழந்தால் அந்த இழப்பை உங்கள் வீட்டார் எதைக் கொண்டும் அடைக்க முடியாது.

குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். அவர் சொல்ல வரும்போது, "அப்பவே சொன்னேனே" என்று தொடங்காதீர்கள். அதே நேரத்தில் ஊருக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்து அவர் கடனை மொத்தமாக அடைத்தும் விடாதீர்கள். அந்தப் பணம் மறுபடி அதே மேசைக்குப் போகக்கூடும். கடனைச் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள், சேர்ந்து அடையுங்கள். நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினரிடமோ பங்குத் தந்தையிடமோ பேசத் தயங்காதீர்கள். கமில்லசுக்கு ஒரு துறவி கிடைத்தார். நம் பங்கில் அப்படி ஒருவர் கூடக் கிடைக்காமல் போனால், அது நம் எல்லாருடைய குறையாகும்.

திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்கை நீதிமன்றங்கள் தொடர்ந்து விசாரிக்கட்டும். நாம் ஒவ்வொருவரும் நமக்குக் கிடைத்த திறமையால் இந்த வாரம் யாருக்கு நன்மை விளைந்தது என்று பார்த்துக்கொள்வோம்.

இரக்கமுள்ள தந்தையே, சூதின் பிடியில் இருக்கும் எம் சகோதரர்களையும் அவர்களுக்காக இரவில் விழித்திருக்கும் தாய்மாரையும் மனைவியரையும் உம் கையில் ஒப்படைக்கிறோம். உண்மையைச் சொல்லும் துணிவை அவர்களுக்கும், கேட்கும் பொறுமையை எங்களுக்கும் தாரும். எங்கள் கைகளை உழைப்பிலும் பணியிலும் நிலைக்கச் செய்யும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.